எஞ்சின் பார்க்கப் போன ஞாயிறு

3-2-60, புதன்
காலையில் பனி. இருமல் விடவில்லை. நாலாம் வகுப்பு நோட்டுகள் திருத்தாமல் கிடக்கின்றன.

சாயந்தரம் கோயில் உபதேசியார் எனக்கு ஒரு வரன் சொல்ல வந்தார். ஈரோட்டு மாப்பிள்ளை, மில்லில் கிளார்க். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஊர் சிரிக்கும் (ஏற்கெனவே இரண்டு முறை சிரித்தாயிற்று). அதனால் ஞாயிறு பூசை முடிந்து ரயில்வே ஜங்ஷனில் பெண் பார்ப்பதாம். வெள்ளைக்காரன் காலத்து எஞ்சின் ஒன்றைச் சரிபண்ணி மேட்டூருக்கு ஸ்பெஷல் விடுகிறார்களாம்.

"வேடிக்கை பாக்கற மாதிரி வந்துருங்க. அவங்க ஓரமா நின்னு பொண்ணைப் பாத்துக்குவாங்க. தவசுக்காலம் தொடங்கறதுக்குள்ள கல்யாணத்தை முடிச்சிரலாங்க."

மாப்பிள்ளை யாரென்று எனக்கு மட்டும் காட்டமாட்டார்களாம். நல்ல நியாயம்!

5-2-60, வெள்ளி
ரவிக்கை பிடித்துத் தைத்தேன். பவுடர், ஹேர்பின் வாங்கணும்.

தங்கை பிலோ: "அக்கா, நானும் எஞ்சின் பாக்க வாரேன்." அம்மா ஒரேயடியாகக் கூடாது என்றாள். பத்தொன்பது வயசுக் கழுதை, உட்கார்ந்து அழுகிறது. நான்தான் அம்மாவிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கினேன். தனியாகப் போய் நிற்க எனக்குப் பயம்.

7-2-60, ஞாயிறு
நல்ல வெயில். பிளாட்பாரம் டிக்கெட்டுக்கே அடிதடி. குட்டி எஞ்சின், நீளப் புகைபோக்கி, புதுப் பச்சைப் பெயிண்ட், மாலை. அதற்கும் அலங்காரம், எனக்கும் அலங்காரம். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெள்ளைச் சட்டை போட்டவனெல்லாம் மாப்பிள்ளையாகத் தெரிந்தான். குனிந்த தலை நிமிரவில்லை. பிலோ எனக்கு முன்னால். விசில் ஊதியதும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பின்னாலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர்: "ஏனுங்க, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? மறைக்குது." மரியாதையான மனுஷன். தள்ளி நின்றேன். எஞ்சின் கிளம்பியது, கண்ணில் கரித்தூள்.

ராத்திரி ஜெபமாலை. சேசுவே, இந்த ஒரு தடவை.

10-2-60, புதன்
உபதேசியார் வந்தார். செருப்பைக் கழற்றவே அவ்வளவு நேரம்.

"சின்னப் பொண்ணைக் குடுக்கறதா இருந்தா, அடுத்த வாரமே ஊட்டுக்கு வாராங்களாம்."

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா "பெரியவ இருக்கறப்ப எப்படிங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிலோ உள்ளே விம்முகிறாள். "நான் எஞ்சினைத்தான்க்கா பாத்தேன்."

அவள்மேல் கோபமில்லை. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

பையன் எப்படி என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டாரே!

"தங்கமான பையனுங்க. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாரு. கூட்டத்துல மறைக்குதுன்னு பெரிய பொண்ணுகிட்டகூட மரியாதையாப் பேசினாராமே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. தள்ளிக்கிட்டேன்" என்றேன். காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.