இறங்கும் மனிதனின் நிறை

சங்கத்தானை,
சாவகச்சேரி.
10.5.1993

அன்புள்ள மைத்துனர் ஆழ்வாப்பிள்ளைக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, கீழே இறங்கிக்கொண்டிருக்கும் லிப்றில், அதாவது மின்தூக்கியில், நிற்கும் மனிதனின் நிறை குறையும் என்று எங்கள் ஊர் ரியூட்டறியின் பெற்றோர் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. முன்மொழிந்தவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். வழிமொழிந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். அதன்பின் பனங்கட்டியோடு தேநீர் தரப்பட்டது. நாங்கள் சுகம். உமது அக்கா அருமைநாயகிக்கு முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது.

விஷயம் என் மகள், உமது மருமகள் கனகாம்பிகையைப் பற்றியது. ஓகஸ்டில் அவளுக்கு ஏ.எல். சோதனை. மூன்றாந் தரம், இனி எடுக்க முடியாது. மற்றப் பாடங்களில் பயமில்லை, இரண்டு தரமும் காலை வாரியது பௌதிகம்தான். எங்கள் தென்மராட்சிப் பகுதியில் பௌதிகம் படிப்பிக்க எஞ்சியிருப்பவர் சண்முகநாதன் மாஸ்ரர் ஒருவரே. மற்றவர் கனடாவில் ஏதோ தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறாராம். ஆகவே நாற்பத்தொரு கணக்குகளை வீட்டுவேலையாகக் கொடுத்து, விடையை மட்டும் கரும்பலகையில் எழுதி, வழியைக் கேட்டால் முறைக்கிற சண்முகநாதன் மாஸ்ரரிடம் முப்பத்தொன்பது பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஏழாவது கணக்கு இது. அறுபது கிலோ மனிதன் ஒருவன் லிப்றுக்குள் தராசில் நிற்கிறான். லிப்ற் சீரான வேகத்தில் கீழே போகிறது. தராசு என்ன காட்டும்? தென்மராட்சியில் லிப்ற் கிடையாது. இருந்திருந்தாலும் மின்சாரம் நின்று மூன்று வருடமாகிறது. என்றாலும் கனகாம்பிகை புத்தகத்தைப் பார்த்து, வேகம் மாறாவிட்டால் நிறையும் மாறாது என்று எழுதிக்கொண்டு போனாள். மாஸ்ரர் சிவப்பு மையால் வெட்டி, ஏறினால் கூடும், இறங்கினால் குறையும், உது சின்னப்பிள்ளைக்கும் தெரியும் என்றாராம். இவள் ஏன் சேர் என்றிருக்கிறாள். நீர் எப்பவாவது லிப்றிலை ஏறியிருக்கிறீரோ என்று அவர் கேட்க, இல்லை சேர், சேர் ஏறியிருக்கிறீங்களோ என்று இவள் கேட்டுவிட்டாள். பின்வாங்கில் யாரோ சிரித்ததால் அது குற்றமாயிற்று. அன்றே ரியூட்டறி வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள்.

நேற்றைய குழு விசாரணைக்கு ஒரு சாட்சியும் அழைக்கப்பட்டார். சைக்கிள் கடைக் கதிரவேலு. எண்பத்து மூண்டுக்கு முந்திக் கொழும்பிலை புடைவைக்கடை ஒண்டிலை ரெண்டுதரம் ஏறினனான், இறங்க வெளிக்கிடேக்கை வயிறு மேலை வந்தது, அப்ப நிறை குறைஞ்சதுதானே என்றார். எத்தனையாம் மாடி என்று தபாலதிபர் கேட்டார். மூன்றாம் மாடி என்றதும் சபை திருப்தியடைந்தது. புத்தகத்தைத் திறந்து பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேசையில்தான் கிடந்தது, அதன்மேல் தேநீர்த் தட்டம் இருந்தது.  கூட்ட அறிக்கையை எழுதியவன் நான்தான். என் கையெழுத்து வடிவானதாம். முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் பிறர் சொன்னதை எழுதிப் பழகிய கை, தானாகவே ஏகமனதாக என்று எழுதிவிட்டது.

பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்ப்பார்களாம். நானும் எழுது பிள்ளை என்றேன். கேள்வி கேட்டதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் அப்பா, ஆனால் குறையும் எண்டு எழுதமாட்டன் என்கிறாள். உமது அக்கா, உவள் தன்ரை மாமனைப் போலை என்று சொல்லி அழுகிறா.

உமது கொழும்புக் கந்தோரில் ஆறு மாடிக்கு லிப்ற் ஓடுகிறது என்று முன்பு எழுதியிருந்தீர். தயவுசெய்து ஒரு தராசை உள்ளே கொண்டுபோய் ஏறிநின்று, காட்டுவதைச் சாட்சிக் கையெழுத்தோடு அனுப்பும். வேறு பத்துக் கணக்குகளும் இத்துடன் உண்டு. அவற்றுக்கு விடை வேண்டாம், வழி வேண்டும் என்று பிள்ளை சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
அத்தான் தம்பிராசா


சங்கத்தானை,
சாவகச்சேரி.
20.7.1993

அன்புள்ள மைத்துனருக்கு,

உமது பதில், நான் எழுதி ஒன்பது கிழமையில், படகில் கிளாலிக் கடல் தாண்டிப் பத்திரமாக வந்துசேர்ந்தது. ஒரு மூலை மட்டும் உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது. இறங்கத் தொடங்கும்போது முள் சற்றுக் குறைந்ததையும், ஐந்தாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் அசையாமல் நின்றதையும், கீழே நிற்கும்போது கூடியதையும் நீர் எழுதியதைக் கனகாம்பிகை மூன்று தரம் வாசித்தாள். லிப்ற்காரரும், தட்டெழுத்துப் பெர்னடெட்டும் சாட்சிக் கையெழுத்து வைத்தது மெத்த நல்லது. அவர்கள் உம்மைப் பைத்தியம் என்று நினைத்ததற்கு நான் வருந்துகிறேன். பத்துக் கணக்குக்கும் நீர் காட்டிய வழியைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தானாகவே வேறு பலவற்றையும் செய்து முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை குழு மறுபடி கூடியது. கடிதத்தை வாசித்தேன். மாஸ்ரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உது கொழும்பு லிப்ற், இஞ்சை ஒண்டு இருந்தால் எப்பிடி எண்டு ஆர் கண்டது என்றார். கதிரவேலு, ஐயோ நான் இறங்க வெளிக்கிடேக்கை எண்டுதானே சொன்னனான், நடுவிலை என்ன நடந்தது எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே என்று கத்தினார். அவரை இருக்கச் சொன்னார்கள்.

பிறகு மனேச்சர் என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். அண்ணை, உங்கடை பிள்ளை சொன்னது சரி எண்டு எனக்கும் விளங்குது, ஆனால் மாஸ்ரர் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டால் மிச்சம் முப்பத்தெட்டுப் பிள்ளையளும் எங்கை போறது என்றார். அவருடைய மகனும் அந்த முப்பத்தெட்டில் ஒருவன். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அப்படித் தலையாட்டியதுதான் மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தீர்மானங்கள் இரண்டு. உமது கடிதம் நன்றியுடன் ஏற்கப்பட்டு, ஏழாவது கணக்கு வீட்டுவேலையிலிருந்து நீக்கப்பட்டது. பத்துக் கிழமை சமுகமளிக்காத காரணத்தால் கனகாம்பிகையின் பெயர் வகுப்பு இடாப்பிலிருந்து நீக்கப்பட்டது. இம்முறையும் அறிக்கையை நானே எழுதினேன்.

அவள் வீட்டிலிருந்தே நாற்பத்தொன்றில் முப்பத்தாறைச் செய்துவிட்டாள். ஐந்துக்கு மட்டும் வழி பிடிபடவில்லை. அவற்றை அவளே தன் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறாள். பதில் வர எத்தனை கிழமை ஆகும் என்று நான் அவளுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை. நீரும் உமது பதிலில் திகதியைப் பற்றி ஒன்றும் எழுதவேண்டாம். நேரம் எடுத்து, ஒவ்வொரு வரியாக, அவளுக்கு விளங்கும்படி செய்து அனுப்பும். நீரும் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அத்தான் தம்பிராசா

பி.கு.: கடிதம் கொண்டுவருபவர் வெள்ளிக்கிழமை புறப்படுகிறார். சோதனை ஓகஸ்ட் மூன்றாந் திகதி தொடங்குகிறது.