லைன் அறுந்த நேரம்

ஆவணி 12, புதன்

புளியங்கூடலில் இருந்து வந்த அம்மா கதிரையில் இருந்ததும் போனை என் மேசையில் நிமிர்த்தி வைத்தார். திரையில் கனடாவில் இருக்கும் மகன். அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று சொன்னதும் அவன்தான்.

"அம்மாவுக்கு வாயு, டொக்டர். சாப்பாடு செமிக்கிறேல்லை."

நானும் அவனிடமே கேட்டு, அவனுக்கே விளக்கம் சொல்லி, மருந்தும் எழுதிவிட்டேன். அவன் கேட்க என் நம்பரையும் கொடுத்தேன். அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறையாவது பார்த்தேனா?

அப்போது லைன் அறுந்தது. அம்மா சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"கெதியாச் சொல்லுறன் டொக்டர். வாயு இல்லை. நெஞ்சை அடைக்குது, இடக்கை விறைக்குது. அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. உடனை வெளிக்கிட்டு வந்திடுவான். அவனுக்கு இன்னும் விசா சரிவரேல்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது."

ஈசிஜி எடுத்தேன். நன்றாக இல்லை. உடனே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினேன். ஏறும்போதும், "அவன் கேட்டால், அம்மா கண் காட்டப் போனவ எண்டு சொல்லுங்கோ," என்றார்.

சரியான களைப்பு. படுத்தும் நித்திரை வரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை.

போன் அடிக்கிறது. கனடா நம்பர். காலையில் இவனோடுதான் எவ்வளவு இலகுவாகக் கதைத்தேன்.