அல்சூர் வீட்டைத் திறந்துவிட்டேன்

குழந்தை இயேசு துணை

அல்சூர், பெங்களூரு

அன்பு மிகுந்த சம்பந்தியம்மா சரளா அவர்களுக்கு ஜோசஃபின் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகள் குளோரியா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னோடு நன்றாகச் சண்டையும் போடுகிறாள். மஸ்கட்டில் உங்கள் சுகம் எப்படி?

பிரசவத்துக்கு வர லீவு கிடையாது என்று உங்கள் முதலாளியம்மா சொன்ன நாளிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. நல்லா இருக்கேன் என்று மெசேஜ் மட்டும் வருகிறது. எடுத்தால் அழுதுவிடுவீர்கள், அதுதானே?  குளோரியா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் சந்திரன் தம்பி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தை உங்களால் கட் பண்ண முடியாது.

ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மேலே எங்கள் விவேக் நகர் வீட்டு விலாசத்தை எழுதாமல் அல்சூர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு மமதாவிடம் நீங்கள் விட்டுப்போன சாவியை வாங்கி உங்கள் வீட்டைத் திறந்தேன். முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டிலிருந்து போவதுதானே முறை? தாய் மஸ்கட்டில் இருந்தால் என்ன, வீடு இங்கேதானே இருக்கிறது! மருமகளைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குக் குடிபோகும் மாமியாரை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன் என்று கிளெமென்ட் சிரித்தான். நீயும் வந்து ஒட்டடை அடிடா என்றேன். மகன் துடைப்பத்தைத் தேடிப் போனான்.

உங்கள் சமையலறையில் என் கைக்கு எதுவும் எட்டவில்லை. நீங்கள் என்னைவிட எவ்வளவு உயரம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. உப்பு எடுக்கக்கூட ஸ்டூல் போட வேண்டியிருக்கிறது.

பிள்ளையைச் சுற்றுவதற்கு உங்கள் பீரோவிலிருந்து பழைய பருத்திப் புடவை இரண்டை எடுத்துக் கிழித்தேன். கேட்காமல் எடுத்தது தப்புதான். அம்மா புடவையில்தான் பிள்ளை முதலில் படுக்க வேண்டும் என்று குளோரியா ஒரே பிடிவாதம். பட்டுப்புடவை எதையும் தொடவில்லை, நிம்மதியாக இருங்கள்.

குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டது, ரத்தமும் போதுமான அளவு இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். பிரசவ வார்டையும் சுற்றிக் காட்டினார்கள். பையைத் தயாராக வைக்கச் சொன்னதும் நைட்டி, துண்டு, ஸ்வெட்டர், ஃப்ளாஸ்க், பூண்டு, பனைவெல்லம், ஒரு தலையணை என்று எல்லாவற்றையும் திணித்துவிட்டேன். பிரசவத்துக்கு வருகிறீர்களா, வேளாங்கண்ணிக்குப் போகிறீர்களா என்று கேட்டாள் நர்ஸ் ஷோபா. பாதியை எடுத்துவிட்டேன். அந்தப் பாதியை வேறொரு பையில் கட்டி வைத்திருக்கிறேன், அவளிடம் சொல்லவில்லை.

கிளெமென்ட் பள்ளமில்லாத வழியைத் தேடி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறான். ஆட்டோ சின்னப்பாவைக் கேட்டதற்கு, அப்படி ஒரு ரோடு பெங்களூரில் கிடைத்தால் எனக்கும் சொல்லு தம்பி என்றாராம். வலி எடுத்தால் எந்நேரமும் வருகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் மட்டும் இருக்கலாமாம். நான்தான் போகிறேன். நீங்க இருந்தா போதும் அத்தை என்று குளோரியா என்னைக் கட்டிக்கொண்டாள். மனசாரத்தான் சொன்னாள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் நானும் பெற்றவள்தானே சம்பந்தியம்மா. வலி உயிரைப் பிடுங்கும்போது எந்தப் பெண்ணும் அத்தை என்று கத்தமாட்டாள், அம்மா என்றுதான் கத்துவாள். என்னால் கையைப் பிடித்துக்கொள்ள முடியும், முதுகைத் தேய்த்துவிட முடியும். அந்தக் கூப்பாட்டுக்கு என்னடி கண்ணு என்று பதில் சொல்ல என் குரல் போதாது.

அதனால் ஷோபாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன். வீடியோ கூடாது, போனைக் காதருகே வைத்துப் பேசலாம் என்றாள். உங்கள் முதலாளியம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். வலி கண்டதும் கூப்பிடுவேன். நீங்கள் அழுதுகொண்டே பேசினாலும் பரவாயில்லை. அவளுக்கு வேண்டியது உங்கள் குரல்தான்.

மாதா உங்களைக் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் உங்கள் பெண்ணோடு இருக்கும்
ஜோசஃபின்