நீ அழித்த நான்கு படங்கள்

டேப்லெட்டில் இடம் இல்லை என்று மூன்று நாளாக வந்துகொண்டிருந்தது. மகளுடைய பாடங்கள் இறங்கவில்லை. எது அதிகமாக அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். நீதான். போன மாதம் உன் இறுதி ஊர்வலத்தை உன் பையன் முழு நீளத்துக்கு வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். மேளம், பட்டாசு, பூ வண்டி, சுவரெல்லாம் போஸ்டரில் கறுப்புக் கண்ணாடியோடு நீ. செத்த பிறகும் அடுத்தவன் இடத்தை அடைத்துக்கொள்ள உன்னால்தான் முடியும். தொட்டேன், போய்விட்டது. அவ்வளவு சுலபம். உனக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

தொண்ணூறுகளில் மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலா வந்தவர்களை நாம் ஃபிலிம் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஆனாலும் நீ முதலாளி, நான் லைட் பிடிப்பவன். ஃபிலிமில் எடுத்தது எடுத்ததுதான். உன் புத்திக்கு அது ஒரு காவலாக இருந்தது. பிறகு டிஜிட்டல் கேமரா வாங்கினாய், கூடவே ஒரே ஒரு மெமரி கார்டு. "இனிமே கவலையே இல்ல மச்சான். புடிக்கலன்னா அழிச்சிகினே இருக்கலாம்" என்று ஊரெல்லாம் சொன்னாய். அந்தக் கருவியில் நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்த ஒரு பொத்தானைத்தான்.

இரண்டாயிரத்து மூன்று இருக்கும். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் தேவகியின் கல்யாணம். அவள் அப்பாவை முதல் நாள் சாயங்காலம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டிவந்தார்கள். சட்டைக்குள் ஆளே இல்லாதது போல இருந்தார். மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கண்ணு மூடிகினேன் போல கீது தம்பி, இன்னொரு வாட்டி எடு" என்றார். நான்கு படம் எடுத்தாய். விடிந்தபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். முகூர்த்தத்தில் அவர் இல்லை.

தாலி கட்டி முடிந்ததும் கட்சிக்காரர் ஒருவர் மாலையோடு மேடை ஏறினார். கார்டில் இடம் இல்லை. அதில் பாதிக்கு மேல் நீயே இருந்தாய். ஐந்து ரதத்தில் சாய்ந்துகொண்டு நீ, அலையில் பேண்ட்டை மடித்துவிட்டு நீ, யாரோ ஒரு வெள்ளைக்காரியின் தோளுக்குப் பக்கத்தில் இளித்துக்கொண்டு நீ. "உன் படத்த அழிடா" என்று காதில் சொன்னேன்.

"அது என்னோடது மச்சான்" என்றாய். முதல் நாள் சாயங்காலப் படங்களுக்குப் போய்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தாய். பெரியவர் படம் வந்தபோது உன் கையைப் பிடித்தேன். "வுடு, வேற எதுலயாவது இருப்பாரு" என்று உதறினாய். வேறு எதிலும் அவர் இல்லை. அழித்த இடத்தில் கட்சிக்காரரின் பல்லை நிரப்பினாய்.

இருபது நாளில் அவர் இறந்துபோனார். சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்று தேவகி உன் ஸ்டுடியோவுக்கு வந்தாள். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. "கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துச்சும்மா. அன்னிக்கி சாயங்காலம் எடுத்தது மட்டும் போயிடுச்சி. இன்னா பண்றது?"

"ஒண்ணு கூடவா இல்ல?"

உதட்டைப் பிதுக்கினாய். அவள் உன்னை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கண்ணா. நெஜமாவே போயிடுச்சா?"

"ஆமாம்மா, வைரஸ்" என்றேன்.

அந்த வாரமே உன்னை விட்டு விலகி மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். உன்னை நினைத்தாலே வாயில் கசக்கும். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு கடை வைத்தாய். தேவகியின் தம்பி என் கம்பெனி பஸ்ஸில்தான் வருவான். இத்தனை வருஷமாக அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நான் நின்றுகொண்டுதான் போவேன்.

உன் வீடியோவை அழித்த மறுநாள் பஸ்ஸில் அவள் தம்பியிடம் விலாசம் கேட்டேன். தேவகி இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கிறாள். போனபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நீ அழித்ததை, கட்சிக்காரரை, உன் கடற்கரைப் படங்களை. உன்னைத் திட்டத் திட்ட எனக்குத் தெம்பாக இருந்தது.

"தெரியும்ணா" என்றாள், மடிப்பதை நிறுத்தாமல். "அந்தாளு பேசச்சொல்லோ நீங்க தரையப் பாத்துகினு இருந்தீங்க. அப்பவே தெரிஞ்சிது."

அடுத்த துணியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அவன் பொய்க்காரன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான் உங்களக் கேட்டேன். நீங்க இன்னாத்துக்குண்ணா அப்டி சொன்னீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் டீ போட உள்ளே போனாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஸ்டேஷனில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றி ஒரு வசவுகூட வாயில் வரவில்லை. அவள் கேட்டதுதான் காதில் இருந்தது.