நாற்காலியில் வைத்த சும்மாடு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் தம்பியும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அந்தக் குளிரில் காதைப் பொத்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க வேண்டும், எனக்கு அது போதும். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இதைப் போனில் சொன்னால் பாதியில் நான் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றுவேன், நீ அங்கே மூக்கை உறிஞ்சுவாய், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். அதனால் நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

அப்பாவின் சாமான் ஏதாவது அனுப்பு என்று கேட்டிருந்தாய். வாட்சையும் நீலச் சட்டையையும் பார்சலில் போட்டிருக்கிறேன். சட்டையைத் துவைக்கவில்லை, வேண்டுமென்றேதான். ஆனால் நீ முக்கியமாகக் கேட்டது அந்தக் கட்டம் போட்ட துண்டு, கழுத்தில் போட்டுக்கொண்டே லாரி ஓட்டுவாரே அது. அதை அனுப்ப முடியாது. தொலைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அப்பா போய் எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் நான் வந்து சேரவில்லையே என்று சொல்கிறாய். நீ பக்கத்துத் தெருவில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, அதை முதலில் மனதில் போட்டுக்கொள். எல்லைக் கேட்டில் தக்காளி லோடோடு மூன்றாவது நாளாக வரிசையில் நின்றார். நம் லாரி அந்த நாட்டுக்குள் போகக் கூடாது, அவர்கள் லாரி இங்கே வரக் கூடாது, நடுவில் இருக்கிற இருநூறு அடியைத் தலையில் கடத்துவது எங்களைப் போன்ற சுமைக்காரப் பெண்கள்தானே, அன்றைக்கும் நான் பெட்டி சுமந்துகொண்டுதான் இருந்தேன். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரண்டு ஆபீசிலும் ஒரு மணிக்குச் சாப்பாடு. நமக்குப் பன்னிரண்டு ஆகும்போது அவர்கள் எழுந்து போவார்கள், அவர்கள் திரும்பி வரும்போது நம் ஆட்கள் எழுந்து போவார்கள், ஆக தினமும் இரண்டு மணி நேரம் கேட் செத்துக் கிடக்கும். பன்னிரண்டே காலுக்கு அப்பா நெஞ்சைப் பிடித்தார். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியின் பலகை லாரியில் உட்கார்ந்தாலே தெரிகிறது, நடந்தால் ஐந்து நிமிஷம். டிரைவருக்கு அங்கே கால் வைக்க அனுமதிச் சீட்டு இல்லை. காவல்காரப் பையன் அழாத குறையாகச் சொன்னான், முத்திரை போடுறவர் சாப்பிடப் போயிருக்காரும்மா, நான் கேட் கட்டையைத் தூக்கினா என் வேலை போயிடும் என்று. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். பாதி வழியில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் துண்டைத்தான் சுருட்டித் தலைக்குச் சும்மாடாக வைத்துக்கொண்டு பெட்டி தூக்கினேன்.

இரண்டு அரசாங்கமும் வியாபாரத்தைப் பெருக்க வருஷத்துக்கு இரண்டு தடவை உட்கார்ந்து பேசுகிறார்கள். நாம் டீவியில் பார்ப்போமே, கை குலுக்குவார்கள், பைல் மாற்றிக்கொள்வார்கள். இந்தத் தடவை முதல் முறையாகச் சங்கங்களையும் கூப்பிட்டார்கள். லாரி முதலாளிகள் சங்கம், வியாபாரிகள் சங்கம், கூடவே எங்கள் சுமைக்காரப் பெண்கள் சங்கம். எங்கள் செயலாளர் டீச்சரம்மாவை உனக்குத் தெரியும், ரிட்டையர் ஆனபிறகும் யாரைப் பார்த்தாலும் நிமிர்ந்து உட்கார் என்பாளே, அவள்தான் பேசப் போகிறவள், நான் துணைக்கு. கிளம்புகிற அன்று உனக்குப் போன் பண்ணினேன், நீ என்ன சொன்னாய் ஞாபகம் இருக்கிறதா, அம்மா பெரிய வார்த்தை தேடாதே, பார்த்ததை மட்டும் சொல்லு என்றாய். நான் எங்கே பேசப் போகிறேன் என்று சிரித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உடம்புக்கு முடியாமல் ஒருவன் விழுந்தால் முதலில் கட்டை தூக்க வேண்டும், சீட்டு அப்புறம். அதை அவர்கள் காகிதத்தில் ஏற்ற வேண்டும்.

ஹாலைப் பார்த்தால் மலைத்துப் போவாய். நம் தெரு நீளத்துக்கு ஒரு மேஜை, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக், காதில் மாட்டிக்கொண்டால் அவர்கள் பாஷையில் பேசுவது நம் பாஷையில் கேட்கிறது. எங்களுக்கு மேஜையில் இடமில்லை, சுவரோரம் நாற்காலி, அதில் பார்வையாளர் என்று காகிதம் ஒட்டியிருந்தது. டீச்சரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், நாம கல்யாணத்துக்கு வந்திருக்கோம், பந்தியில இடமில்ல என்று. ஒன்றரை நாள் அவர்களே பேசினார்கள். இத்தனை டன், இத்தனை சதவீதம். தக்காளி என்று ஒரு தடவை சொன்னார்கள், அதைத் தூக்குகிறவர்களைச் சொல்லவே இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் டீ குடிக்க எழுந்தபோது ஒரு அதிகாரி ஊருக்குக் கிளம்பிவிட்டார், மேஜையில் அவர் நாற்காலி காலி. அங்கேதான் நான் ஒரு கூத்து பண்ணினேன். எங்கள் கேட்டில் ஒரு வழக்கம் உண்டு, வரிசையில் முன்னால் இடம் காலியானால் அடுத்தவள் நகர்ந்துகொள்வாள், தண்ணீர் குடிக்கப் போனால் சும்மாட்டை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவாள். சும்மாடு இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அந்த நாட்டுப் பெண்களும் அப்படித்தான், மூஞ்சி கொடுத்துப் பேசாதவள்கூட இன்னொருத்தி சும்மாட்டைத் தொட மாட்டாள். எனக்கு அந்த நினைப்புதான். சுவரோர நாற்காலியில் முழங்கால் மடங்கவில்லை, மேஜையில் இடம் காலியாக இருக்கிறது, துண்டைச் சுருட்டி அங்கே வைத்துவிட்டுப் பாத்ரூம் போனேன். திரும்பி வந்தால் எவளோ புண்ணியவதி துண்டுக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலும் பேப்பரும் வைத்திருக்கிறாள். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் அந்த நாட்டு அதிகாரி ஒரு கண்ணாடிக்காரர், என்னைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார், பைலைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். பின்னாலிருந்து டீச்சரம்மா கண்ணை உருட்டினாள். எழுந்து வா என்கிறாள், நான் நிமிர்ந்து உட்காரச் சொல்கிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சங்கங்களுக்கென்று கடைசியில் பத்து நிமிஷம் வைத்திருந்தார்கள். ஒரு பையன் மைக்கோடு சுவரோரம் வந்தான். லாரி முதலாளி வாங்கினார், எட்டு நிமிஷம் நன்றியே சொன்னார். வியாபாரிகள் சங்கத்தார் மீதி இரண்டைத் தின்றார். டீச்சரம்மா எழுந்து நிற்கிறாள், தலைமை தாங்கின அம்மா நேரம் முடிந்தது, மற்றதை எழுத்தில் கொடுங்கள் என்கிறார். எழுத்தில் நாங்கள் ஐந்து தடவை கொடுத்தாயிற்று. டீச்சரம்மா உட்கார்ந்த மாதிரியைப் பார்த்தேன், ஒரு பெட்டி தக்காளி கீழே விழுந்து நசுங்கின மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் மைக் இருக்கிறது. மற்றவர்கள் பொத்தானை அழுத்தினதைப் பார்த்திருந்தேன், அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது.

நம் பக்கத்து அதிகாரி ஒருவர் எகிறினார், பார்வையாளர் மேஜையில் உட்காரக் கூடாது, யார் இவரை இங்கே விட்டது என்று. யாரும் விடலீங்க, இடம் காலியா இருந்துச்சு, சும்மாடு வச்சேன் என்றேன். தலைமை அம்மா காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டு, என்ன வைத்தீர்கள் என்று மறுபடி கேட்டார். துண்டைத் தூக்கிக் காட்டினேன், எங்கள் கேட் வழக்கத்தைச் சொன்னேன், ரெண்டு நாட்டுப் பொம்பளைங்களும் இதை மதிக்கிறோம்மா, எந்தக் கவர்மெண்டும் எழுதிக் கொடுக்கல என்றேன். பிறகு நீ சொன்ன மாதிரி பார்த்ததை மட்டும் சொன்னேன். இது யார் துண்டு, அவர் எங்கே நின்றார், ஆஸ்பத்திரிப் பலகை எப்படித் தெரிந்தது, இரண்டு கடிகாரம், இரண்டு சாப்பாடு. அழவில்லை, அதை நீ நம்ப வேண்டும். கண்ணாடிக்காரர் தன் வாட்சைக் கழற்றி, நம் பக்கத்து அதிகாரி வாட்சுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்துப் பார்த்தார். பத்து வருஷமாக வியாபாரம் ஏன் மத்தியானத்தில் தேங்குகிறது என்று கணக்குப் போடுகிறோம், இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லையே என்றார். யாரும் கேக்கலீங்களே என்றேன். அப்புறம் தலைமை அம்மா சொன்னார், சும்மாடு வைத்த இடத்திலிருந்து உங்களை எழுப்ப எனக்கும் அதிகாரமில்லை, உட்காருங்கள்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. சாப்பாட்டு நேரத்தை ஒன்றாக்குவது பற்றி ஆராயப்படும் என்று எழுதினார்கள், ஆராயப்படும் என்றால் அலமாரிக்குப் போகும் என்கிறாள் டீச்சரம்மா. சங்கங்களுக்கு மேஜையில் நாற்காலி உண்டா என்றால், அடுத்த கூட்டத்துக்கு மட்டும் ஒன்று, பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஆனால் உடம்புக்கு முடியாதவருக்குச் சீட்டில்லாமல் கட்டை தூக்க வேண்டும் என்பது ஏறிவிட்டது, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கிளம்பும்போது துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். வாசல்வரை போனேன், மனசு கேட்கவில்லை. எடுத்தால் இடம் போய்விடுமே. திரும்பிப் போய் அதே நாற்காலியில் வைத்தேன். ஹாலைக் கூட்ட வந்த அம்மா மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். காரணத்தைச் சொன்னேன். அவள் துண்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடைப்பம் வைக்கிற அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு, கூட்டத்தன்னிக்குக் காலைல நானே எடுத்து வைக்கிறேன், யார் வந்து உக்கார்றாங்கன்னு பார்த்துடுவோம் என்றாள். அடுத்த கூட்டமும் அதே ஹாலில்தான், இன்னும் நாலு மாதம். துண்டு அங்கே இருக்கிறது.

போன வியாழக்கிழமை மத்தியானம் வரிசையில் ஒரு டிரைவருக்கு வலிப்பு வந்தது, உன்னைவிடச் சின்னவன். நான் பெட்டியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஓடினேன். அதே காவல்காரப் பையன்தான். என்னைப் பார்த்தான், சீட்டு கேட்கவில்லை, கட்டையைத் தூக்கினான். கட்டை மேலே போவதை இத்தனை வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று வைத்துக்கொள். மணி பன்னிரண்டரை, அந்தப் பக்கத்து ஆபீசில் சாப்பாட்டு நேரம். அந்த டிரைவர் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தானே நடந்து வந்து லாரியில் ஏறினான். உங்கப்பா செய்த வேலை இது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன் பேச்சும் அதில் இருக்கிறது, அதையும் சொன்னேன், எனக்கு வெட்கமே இல்லை.

தம்பி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான், புது போன் கேட்பான், கொடுக்காதே. நேரத்துக்குத் தூங்கு. வந்து சேரவில்லையே என்று இனி சொல்லாதே. நீ நூறு வருஷம் நல்லா இருக்க வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். பார்சல் வந்ததும் சட்டையை உடனே துவைத்துவிடாதே. துண்டுக்கு மட்டும் நாலு மாதம் பொறு, சாப்பாட்டு நேரம் காகிதத்தில் ஏறட்டும், எடுத்துக்கொண்டு வந்து உனக்கே அனுப்புகிறேன். ஏறாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே கிடக்கும், அப்பாவுக்குக் காத்திருந்து பழக்கம்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சங்கப் பிரதிநிதி (இனி இப்படித்தான் போட வேண்டும் என்று டீச்சரம்மா உத்தரவு)