வரப்பு இல்லாத நிலம்

ஜூன் 4

என் அருமைத் தம்பிக்கு,

நலம்தானே? போனில் பேசினால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், தப்பிக்க முடியாது பார்.

நம் விவசாய நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டிருக்கிறாயே, அதற்காக சர்வேயர் வந்து வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் நிலத்தைப் பார்க்க வருவாராம். "எல்லாம் சரியா இருக்கும்மா. நிலத்துல சமாதி ஏதாவது இருந்தா மட்டும் வீட்டுக்கு அனுமதி கிடைக்காது" என்றார். நம் வாண்டு அங்கேதானே இருக்கிறாள்? நாலு வயசில் போன என் குழந்தையைப் புதைத்துக் கல் நட்ட இடத்தை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்? உன் மாமா வீடு வேண்டாம், நிலத்தை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார். உனக்கோ திரும்பி வந்து ஒண்ட ஓர் இடமில்லை. நீயே சொல்.

உன் அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதற்குப் போயா இவ்வளவு கலக்கம்? கல்லைத்தானே எடுக்கச் சொல்கிறேன், அவளையா எடுக்கச் சொல்கிறேன்? சர்வேயர் வருவதற்குள் எடுத்து எங்காவது வை. அனுமதி வந்ததும் திரும்ப நட்டுவிடலாம். வீட்டைத் தள்ளிக் கட்டுகிறேன், அவள் இருக்கும் இடத்தை யாரும் தொட மாட்டார்கள். உனக்கும் மாமாவுக்கும் கீழ்த்தளத்தில் காற்று வரும் அறை. கடைசிக் காலம் வரைக்கும் நீ என்னோடுதான் இருக்க வேண்டும், சொல்லிவிட்டேன்.

மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல். கோபித்துக்கொண்டால் அதையும் எழுது.

உன் தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

நீ சொன்னபடி செய்தாயிற்று. நானும் மாமாவும் கல்லைப் பெயர்த்து, மேற்கே மோட்டார் அறை வரைக்கும் தூக்கிப்போய்ச் சாக்கு போட்டு மூடினோம். பெயர்த்த இடத்தில் கீரை விதை தூவினேன். மாமாவுக்குக் கோபம்தான், அன்று சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

சர்வேயர் வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். "இங்க மட்டும் ஏம்மா மண்ணு புதுசா இருக்கு?" என்றார். "கீரை போட்டிருக்கேன்" என்றேன். "நல்லா வரும்" என்றார். பாவி வாய், தடுமாறவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

பெரிய அதிகாரி எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். அதனால் உத்தரவு கைக்கு வரும்வரை கல்லை வைக்க முடியாது. பரவாயில்லை. கிழக்கு வரப்பும் வாய்க்கால் வரப்பும் சேருகிற முக்கு எனக்குத் தெரியாதா? தண்ணீர் கட்டப் போகும்போதெல்லாம் அங்கே நின்று அவளோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருகிறேன். அனுமதி வந்ததும் முதலில் கல், பிறகுதான் மற்ற வேலை. மறந்துவிடாதே.

அக்கா


செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

அனுமதி கிடைத்துவிட்டது! இனி அது வீட்டு நிலம்! மாமாவுக்குக் கண் ஆபரேஷன், நீ ஆஸ்பத்திரியில் அவரோடு தங்கியிருக்கிறாய் என்று தெரியும். உன்னை அலைய விட வேண்டாம் என்று நானே மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். பொக்லைன் வைத்து நிலத்தை மட்டப்படுத்தத் தொடங்கிவிட்டார். வாண்டு விஷயத்தில் கவலைப்படாதே. மோட்டார் அறைப் பக்கத்து மூலையைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீ திரும்பி வந்ததும் கல்லை நட்டுவிடலாம்.

மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


அக்டோபர் 1

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நிலத்துக்குத்தான் போனோம். மேஸ்திரி நல்ல மனிதர். "தம்பி சொன்ன மூலையில ஒரு பிடி மண்ணைக்கூட நான் தொடலம்மா, வந்து பாருங்க" என்று கூட்டிப்போய்க் காட்டினார். மோட்டார் அறைப் பக்கம் கயிறு கட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறார். அங்கே ஒன்றுமே இல்லை, தம்பி. கல்லை வைத்த இடத்தை அவள் இருக்கும் இடமென்று நினைத்துவிட்டாய். அவளைப் புதைத்தபோதும் நீ வரவில்லை, அதன் பிறகும் ஒரு தடவைகூட அங்கே போய் நிற்கவில்லை. கிழக்கு முக்கு என்று எழுதியிருந்தேனே, அதையும் சரியாகப் படிக்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும்?

கிழக்கு வரப்பு இல்லை. வாய்க்கால் இல்லை. ஒரு வரப்புகூட இல்லை. மேட்டு மண்ணையெல்லாம் வழித்துப் பள்ளத்தில் தள்ளினார்களாம். நிலம் உள்ளங்கை மாதிரி இருக்கிறது. முக்கு எங்கே இருந்தது என்று நடந்து நடந்து பார்த்தேன். இங்கே என்று நின்றால் இங்கே இல்லை என்று தோன்றுகிறது. கண்ணில் கட்டோடு மாமா, "கிடைச்சுதா? கிடைச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தோண்டிப் பார்க்கலாம் என்று எழுதாதே. அந்த இரும்புப் பல் இனி அந்த மண்ணில் இறங்கக் கூடாது.

மேஸ்திரியைத் திட்டாதே. கல்லைப் பெயர்த்தவள் நான், பெயர்க்கச் சொன்னவன் நீ. வீட்டைக் கட்டிக்கொள், தடுக்க மாட்டேன். கையெழுத்து எந்தக் காகிதத்தில் வேண்டுமோ அனுப்பு, போட்டுத் தருகிறேன். அந்தக் கீழ்த்தள அறை மட்டும் எங்களுக்கு வேண்டாம். எங்கே கால் வைத்தாலும் அவளை மிதித்துவிடுவேனோ என்று இருக்கிறது. என்னால் அங்கே நடக்க முடியாது.

நீ வரும்போது நாங்கள் இங்கே இருக்க மாட்டோம். தேடாதே.

வாண்டின் அம்மா