செவலையின் ஐந்தாவது சுழி

16-6-58, திங்கள்

ஒன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் மாடு வரைந்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொம்புக்கு மேலே காதை வைத்துவிட்டேனாம். "டீச்சர், இது ஆடா நாயா?" என்று ஒருத்தி எழுந்து நின்றே கேட்டாள். மாட்டோடு மாடாக வளர்ந்த பிள்ளைகள். நானோ திண்டுக்கல் டவுனில், பால் செம்பில் வந்து சேரும் வீட்டில் வளர்ந்தவள். முப்பத்தாறு வயதில் இந்த அவமானம் தேவையா?

தேவைதான். நாளை முதல் தினம் ஒரு படம்.

21-6-58, சனி

என் வீட்டுக்காரர் வந்தார். திண்டுக்கல்லில் தபாலாபீஸ் வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கள் காலை பஸ். கோடு போடாத நோட்டு, பென்சில், ரப்பர் வாங்கி வந்திருக்கிறார். "சகாயசெல்வி, முதல்ல என்னைய வரை" என்றார். காது எங்கே வரும் என்று பயமில்லையா என்று கேட்டேன். சட்டென்று சட்டை மாற்றப் போய்விட்டார்.

24-6-58, செவ்வாய்

மாதிரி கிடைத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளின் காளை, செவலை. என் சமையலறை ஜன்னலுக்கு நேரே கட்டியிருக்கிறாள். நான் பார்த்தால் அதுவும் அசைபோட்டுக்கொண்டே என்னைப் பார்க்கிறது.

25-6-58

நான்கும் மேஜைக் கால்கள்.

26-6-58

அதே மேஜை. ஆனால் காது கொம்புக்குக் கீழே!

19-7-58, சனி

பின்னங்கால் நடுவில் பின்பக்கமாக மடங்குகிறது. இத்தனை நாளும் மாட்டுக்கு மனிதக் கால் போட்டிருக்கிறேன். கண்ணை வைத்துக்கொண்டு இதுவரை என்னதான் பார்த்தேனோ.

இன்னொன்று. அதன் மயிர் சில இடங்களில் வட்டமாகச் சுழன்று நிற்கிறது, நம் உச்சந்தலையில் இருப்பதுபோல. நெற்றியில், தொண்டையில், திமிலுக்கு முன்னால், விலாவில் மிகச் சிறியதாக ஒன்று. நாலு. வரைய வரைய ஆசையாக இருக்கிறது. குழம்பு அடிப்பிடித்தது.

11-8-58, திங்கள்

பலகையில் மறுபடி மாடு. கோடு முடியும் முன்பே ஒரு குரல்: "ஏ, இது கருப்பம்மா அத்தை வீட்டுச் செவலைடா!"

மாடு என்று சொல்லவில்லை. செவலை என்றார்கள். இன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

27-8-58, புதன்

செவலையை விற்கிறாள். அதன் ஜோடி போன வருஷமே செத்துவிட்டது. ஒற்றை மாட்டை வைத்துக் கமலை ஓட்டித் தண்ணீர் இறைக்க முடியாது. கிணற்றிலும் தண்ணீர் இல்லை. மாடு போனால்தான் கிணற்றை வெட்டி ஆழமாக்கலாம். மழைக்கு முன்னால் வெட்டாவிட்டால் வெங்காயம் போட முடியாது. தொப்பம்பட்டியிலிருந்து நாச்சிமுத்து என்பவர் வந்து பார்த்துப் பேசி முடித்துவிட்டார். ஏழாம் தேதி ஓட்டிப் போகிறார்.

"போறதுக்குள்ள அவன ஒரு தாள்ல போட்டுக் குடுங்க டீச்சரம்மா. செவத்துல ஒட்டி வச்சுப் பாத்துக்கிறேன்."

என்னிடம் ஒருவர் படம் கேட்கிறார்!

3-9-58, புதன்

முடித்தேன். முடியும் நேரத்தில் வாலுக்கு மேலே ரப்பரை அழுத்தித் தேய்த்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. அழுகையே வந்தது. பின்பக்கம் சோற்றுப் பருக்கை வைத்து ஒரு துண்டு ஒட்டினேன். முன்பக்கம் அசிங்கமாகத் தெரிந்தது. அதன்மேல் அழகாக ஒரு சுழல் போட்டு மறைத்துவிட்டேன். நாலோடு ஐந்து. யாருக்குத் தெரியப்போகிறது?

7-9-58, ஞாயிறு

கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் கருப்பம்மாள். தலை அவிழ்ந்து கிடக்கிறது. "என்னத்த வரைஞ்சு வச்ச நீ? எம் பொழப்புல மண்ணப் போட்டியே!" கோபத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

நாச்சிமுத்து வந்தவர் மோர் குடிக்கும்போது சுவரில் படத்தைப் பார்த்திருக்கிறார். வாலுக்கு மேலே சுழி இருந்தால் துடைப்பச் சுழியாம். வாங்கியவன் வீட்டைத் துடைத்துவிடுமாம். மாடு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். மாட்டில் அப்படி இல்லையே, தடவிப் பாருங்கள் என்று இவள் கதறியிருக்கிறாள். அனுப்புகிற மாடு என்று ஆசையாகக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, மயிரைப் படிய நீவி வைத்திருந்தாள். அன்று தன் விரலுக்குத் தப்பியதை இன்று மறைக்கத்தான் நீவினாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

மயிர்ச் சுழலுக்கு இம்புட்டு அர்த்தம் இருக்கும்னு நான் கண்டேனா?

என் வீட்டுக்காரர் போய் அவள் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி வந்து என் கையில் கொடுத்தார். "ஊர் நடுவுல நின்னு எம் படம் தப்புன்னு சொல்லணும். சொல்லிருவியா?" என்றார். சொல்லாமல்? ஆனால் நாச்சிமுத்து பஸ் ஏறப் போயிருந்த செம்பட்டி வரை நடந்த அந்த ஒரு மைலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்போதுதானே நாலு பேர் என் படத்தை நம்பத் தொடங்கினார்கள்.

பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் நாச்சிமுத்து இருந்தார். நான் சொன்னதை நம்பவில்லை. "ஏனுங்க டீச்சர், நாலு சுழி நான் வெரல் வெச்சுப் பாத்த எடத்துலயே இருக்குதுங்க. வெலாவுல இருக்கறது பொடிசு, அதைக்கூட உட்டுப்போடலைங்க நீங்க. அப்பறம் அஞ்சாவது மட்டும் எப்படிங்க பொய்யாகும்?"

என் வாழ்க்கையில் என் படத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. அதை நானே உடைக்க வேண்டியிருந்தது. படத்தைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன். தாள் முழுக்க வெளிச்சம்; அந்தச் சுழி மட்டும் கறுப்பாக, சோற்றுப் பருக்கையோடு. "கிழிச்சுட்டேன். ஒட்டுப்போட்டு மறைச்சேன். அம்புட்டுத்தான்" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

நாச்சிமுத்து வாங்கி, திருப்பி, ஒட்டை நகத்தால் சுரண்டினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மாட்டுத் தரகன் பண்ற வேலைய டீச்சர் பண்ணிப்போட்டீங்களே!"

சாயங்காலம் செவலையை ஓட்டிப் போனார். கருப்பம்மாள் படத்தை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள்.

8-9-58

ஜன்னலுக்கு நேரே வெறும் முளைக்குச்சி. அதை வரைந்தேன்.

5-10-58, ஞாயிறு

கிணற்றில் நேற்று ஊற்றுக் கண் திறந்துவிட்டதாம். இடுப்பளவு தண்ணீர். கருப்பம்மாள் அந்தத் தண்ணீரில் ஒரு செம்பு என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். குடித்தேன். மண் வாடை, ஆனாலும் தித்திப்பு.

தைரியம் வந்து, புதிதாக வரைந்து வைத்திருந்த செவலையை நீட்டினேன். நாலே சுழி. இதிலும் காதருகே கிழிந்திருக்கிறது, கிழிந்தபடியே விட்டிருக்கிறேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இது ஒங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு என் செவலை இருக்கான்."

கூட்டிப் போய்க் காட்டினாள். அதே சுவரில் அதே படம். வாலுக்கு மேலே மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு.

"என்ன பாக்குற? நீ மட்டுந்தான் மறைப்பியா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்து ஓடின. 'நீங்க' திரும்பி வரவேயில்லை. எனக்கும் அது வேண்டாம்.